உட்காரும் கட்டம்

மலையடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம். ஆனி, ஆடியில் மேகம் மலையை விட்டு இறங்கி வந்து வகுப்பறைகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். சாரல் அடிக்கிற நாளில் கரும்பலகையில் எழுதியது எழுதி முடிப்பதற்குள் கலங்கிவிடும்.

அங்கே ஒரு துறைக்கு மட்டும் பெயர் மிக நீளம். கல்வி, பொழுதுபோக்கு மற்றும் தொண்டு நிறுவனத் தலைமைத் துறை. பெயர்ப்பலகை ஒரு சுவரில் அடங்காமல் மூலை திரும்பி அடுத்த சுவருக்கும் போயிருந்தது. வாசலில் நின்று பார்ப்பவருக்குப் பொழுதுபோக்கு வரைதான் தெரியும்.

அந்தத் துறையில் பேராசிரியர் மாசிலாமணி. வயது ஐம்பத்து நான்கு. தொண்டு நிறுவனங்களை நடத்தப் பிள்ளைகளைத் தயார் செய்வது அவர் வேலை. இதுவரை ஆறு பேர் அவரிடம் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்கள். ஏழாவது ஆள் முப்பிடாதி.

பொழுதுபோக்குப் பாடத்துக்கு மைதீன் பாத்து. கோ-கோ ஆடி வந்தவர். மாசிலாமணியைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணி மனசுக்குள் அவரையே குருவாக வைத்திருந்தார். அது அவருக்குத் தெரியுமா என்று இவருக்குத் தெரியாது.

முன்பு ஒரு பதிவாளர் பாத்துவிடம் கேட்டார். "பொழுது அது பாட்டுக்குப் போகுது. அதுக்கு எதுக்கும்மா ஒரு பேராசிரியை?"

"போறதைப் பார்த்துக்கிட்டிருக்க ஒரு ஆள் வேணும்லா சார்" என்றார் பாத்து.

அன்றிலிருந்துதான் மாசிலாமணி அவரைக் குருவாக வைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், முப்பிடாதியின் ஆய்வேடு ஒப்புமைச் சோதனைக்குப் போய்த் திரும்பி வந்தது. வேறு யாருடைய எழுத்தாவது உள்ளே இருக்கிறதா என்று கணினி பார்த்துச் சொல்லும் சோதனை. நூற்றுக்குப் பத்து வரை பொறுப்பார்கள். இதில் நாற்பத்தொன்று.

பொருந்திய வரிகளுக்கெல்லாம் கணினி மஞ்சள் பூசியிருந்தது. கடைசிப் பக்கத்தில், அந்த வரிகள் யாருடையவை என்ற பட்டியல். மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

மாசிலாமணி. மாசிலாமணி. மாசிலாமணி.

ஒன்பது கட்டுரைகள். ஒன்பதும் அவர் எழுதியவை.

அவருக்கு உடனே புரிந்தது. முப்பிடாதி எதையும் பார்த்து எழுதவில்லை. ஐந்து வருடமாக அவள் கொண்டுவந்த ஒவ்வொரு பக்கத்தையும் அவர்தான் திருத்தினார். ஒரு வரியை அடிப்பார். மேலே ஒரு வரி எழுதுவார். அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தண்ணீர் வருவதுபோல வரும்.

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. அலமாரியில் நின்ற ஆறு பழைய ஆய்வேடுகளும் அதற்குள் மங்கின. மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்தார். கண் மூடியதா, திறந்திருந்ததா, அவருக்கே தெரியவில்லை. பழைய மாணவர்கள் ஆறு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். "வணக்கம் சார்" என்றார்கள். ஆறு வாய். குரல் ஒன்று. அது அவர் குரல்.

"சார்."

திடுக்கிட்டு நிமிர்ந்தார். வாசலில் முப்பிடாதி. முடியெல்லாம் சாரல் துளி.

"உள்ளே வா. பார்த்தியா?"

"பார்த்தேன் சார். விசாரணைக் குழு வெள்ளிக்கிழமை கூடுதாம். காப்பின்னு முடிவு பண்ணிட்டா பதிவையே ரத்து பண்ணிருவாங்களாம். அஞ்சு வருசம் சார். எங்கம்மா பீடித்தட்டைவிட்டு நிமிராமலே தினமும் கேக்கா, எப்பட்டீ முடியும்னு."

"நான் பார்த்துக்கிறேன்."

"என்ன சார் பார்ப்பீங்க?"

"மூணு நாள் இருக்கு. பொருந்துற இடத்தையெல்லாம் நானே வேற மாதிரி எழுதித் தந்துடுறேன். பத்துக்குக் கீழே வந்துடும். புதுப்பிரதின்னு குழுவிலே கொடுத்துடலாம்."

முப்பிடாதி சிரித்தாள். சிரிக்கிற முகமாக அது இல்லை.

"இது வந்த கையோட என் ஆய்வேட்டை நானே புரட்டிப் படிச்சேன் சார். என் வாக்கியம் ஒண்ணாவது கிடைக்குதான்னு தேடினேன்."

"கிடைச்சுதா?"

"நன்றியுரையில ரெண்டு வரி. உங்களுக்குச் சொன்ன நன்றி. அதுலயும் ஒரு 'மேலும்' சேர்த்திருக்கீங்க."

மாசிலாமணி மேசையைப் பார்த்தார்.

"நான் காப்பியடிக்கல சார். ஆனா நான் எழுதவும் இல்ல. குழு கேட்டா நான் என்ன சொல்ல?"

அவர் பதில் தேடினார். தண்ணீர் வருவதுபோல வருகிற வரிகள் ஒன்றும் வரவில்லை.

"பாத்து டீச்சர் ஆட்டத்துக்கு ஆள் குறையுதுன்னாங்க. போறேன் சார்."

அவள் போனபின் மாசிலாமணி அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தார். முப்பிடாதி முதன்முதலில் கொண்டுவந்த கையெழுத்துப் பிரதி அங்கே இருந்தது. அவள் தெருவில், ஒரு காலத்தில் பீடிக்கட்டுகளை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில், மாலை நேரத்தில் பிள்ளைகளை விளையாட விடும் ஓர் இடத்தை அவள் நடத்திவந்தாள். அதைப் பற்றித்தான் ஆய்வு. முதல் வரி இப்படி இருந்தது: எங்கள் தெருப் பிள்ளைகள் சாயங்காலத்தைத் தின்பார்கள்.

அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே அவர் கையெழுத்து. மாலைநேர ஓய்வுப்பொழுதின் பயன்பாடு அப்பகுதிக் குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படுகிறது.

இரண்டையும் மாறி மாறிப் படித்தார். அவருடைய வரியில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

பிரதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார்.

மைதானத்தின் ஒரு பக்கம் மலை. மறு பக்கம் குளம். இரண்டையும் மேகம் மூடியிருந்தது. சுண்ணாம்புக் கோடுகள் மட்டும் தனியாகப் புல்லில் மிதப்பதுபோலக் கிடந்தன. இரண்டு முனையிலும் இரண்டு மரக்கம்பம். நடுவரிசையில் எட்டுக் கட்டம். பாத்து குடைகூட இல்லாமல், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு நின்றார்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"ஒருத்தருக்கு உதவி செய்யிறதுக்கும், அவங்க இடத்தை நாம எடுத்துக்கிறதுக்கும் கோடு எங்க இருக்கு?"

பாத்து அவர் காலைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டுங்க."

"டீச்சர்?"

"விரட்டுற பக்கம் ஒரு ஆள் குறையுது. சாரலுக்குப் பயந்து வரல. வந்து உட்காருங்க."

"எனக்கு அம்பத்தி நாலு வயசு."

"நான் வயசைக் கேக்கல. எட்டுப் பேரு இருக்காங்க, ஒன்பது வேணும்."

மாணவர்கள் கை தட்டினார்கள். "வாங்க சார், வாங்க! கால்சட்டையை மடிச்சு விடுங்க சார்!"

அவர் கட்டத்தில் குந்தினார். முழங்கால் முனகியது. கோ-கோவில் அடுத்தடுத்து உட்காருபவர்கள் ஒரே பக்கம் பார்க்கக் கூடாது. அவருக்கு மலைப்பக்கம் வந்தது. அவருக்கு இடப்புறம் பரமசிவம் என்கிற மாணவன், குளத்தைப் பார்த்து. வலப்புறம் முப்பிடாதி, அவளும் குளத்தைப் பார்த்து. அவர் திரும்பினால் அவள் முதுகுதான் தெரிந்தது.

விசில் ஊதியது.

ஓடுகிறவர்கள் மூன்று பேர் மேகத்துக்குள் புகுந்து புகுந்து வந்தார்கள். விரட்டுகிறவன் ஒருவன். அவர் முதுகுக்குப் பின்னால் காலடி நெருங்கியது. முதுகில் ஒரு கை பட்டது.

"கோ!"

மாசிலாமணி எழுந்தார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. கால் தானாக ஓடியது. புல் ஈரம். மேகம் முகத்தில் மோதி உடைந்தது. கல்லூரி நாட்களில் ஓடியது ஞாபகம் வந்தது. வந்ததே தவிர நிற்கவில்லை. எதிரே ஓடிய பெண் சட்டென்று வளைந்து நடுவரிசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். விரட்டுகிறவர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பக்கத்துக் கட்டத்தில் முப்பிடாதியின் முதுகு. தொட்டார்.

"கோ!"

அவள் அம்புபோலக் குளத்துப் பக்கம் பாய்ந்தாள்.

அவரும் ஓடினார். கோட்டுக்கு இந்தப் பக்கம், அவளுக்கு இணையாக. "இடது பக்கம் முப்பிடாதி! இடது! அவ ஏமாத்துதா, கம்பத்துக்கு வருவா பாரு, இடது!"

விசில் நீளமாக ஊதியது. எல்லோரும் நின்றார்கள். முப்பிடாதியும் நின்றாள். வரிசையில் அவள் எழுந்த கட்டம் காலியாகக் கிடந்தது.

"சார்!" பரமசிவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கோ சொல்லியாச்சுன்னா உட்காரணும் சார்! நீங்களும் ஓடுனா எப்படி?"

"ஒரே நேரத்துல ரெண்டு ஆள் விரட்டுதாங்க டீச்சர், இது அநியாயம்!" என்றாள் ஓடிய பெண்.

மாசிலாமணி மூச்சிரைக்கப் பாத்துவைப் பார்த்தார். பாத்து காலிக் கட்டத்தைக் கையால் காட்டினார்.

அவர் நடந்து வந்து அதில் உட்கார்ந்தார். முப்பிடாதி உட்கார்ந்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. காலடி ஒன்று பின்னால் தடதடவென்று வந்தது. தனக்குத்தான் என்று நினைத்து மாசிலாமணி எழுந்துவிட்டார். மறுபடி விசில்.

"இன்னும் கோ சொல்லல சார்!" விரட்டி வந்தவன் தலையில் கை வைத்தான். "நான் பரமசிவத்துக்குக் கொடுக்க வந்தேன்."

"எனக்குன்னு நினைச்சேன்."

"காதுல கேக்கணும் சார். நினைக்கப்படாது."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். இந்த முறை உள்ளங்கை இரண்டையும் புல்லில் ஊன்றிக்கொண்டார். எதிரே குளம் இருக்க வேண்டிய இடத்தில் வெண்மை மட்டும் இருந்தது. ஆட்டம் முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. காலடிச் சத்தம் தூரத்தில் கேட்டது, அருகில் கேட்டது, மழைபோலக் கேட்டது. யாரோ விழுந்தார்கள். யாரோ எழுந்தார்கள். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. வெண்மைக்குள் ஒரு கொக்கு வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஒரு பெரிய கூச்சல்.

பக்கத்தில் மலைப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவனிடம் மெல்லக் கேட்டார். "என்னப்பா ஆச்சு?"

"அவுட் சார்."

"யாரு பிடிச்சது?"

"முப்பிடாதி அக்கா."

"எப்படிப் பிடிச்சா?"

"வலது பக்கமாப் போயி சார்."

ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபின் பாத்து கம்பத்தில் சாய்ந்து நின்று தலையைத் துவட்டினார். மாசிலாமணி சட்டைக்குள் இருந்த பிரதியை எடுத்தார். ஓரம் நனைந்திருந்தது.

"டீச்சர், நான் கேட்ட கேள்வி."

"கோடு எங்க இருக்குன்னா?"

"ஆமா."

"அதுலதான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க."

வெள்ளிக்கிழமை குழு கூடியது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் முன் நாற்காலியில் மாசிலாமணி. அவருக்குப் பின்வரிசையில் முப்பிடாதி. அவர் பையில் ஆறு பக்க விளக்கம் இருந்தது. மூன்று நாளாக எழுதியது. நெறியாளரின் கடமை, திருத்தத்தின் எல்லை, தன் மனவருத்தம், எல்லாம் நல்ல தமிழில். அதை எடுக்கப் போனபோது, மனவருத்தத்தைக்கூட அவர் தன் கட்டுரைகளின் நடையிலேயே எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. பையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தார். நனைந்து காய்ந்த கையெழுத்துப் பிரதியை மட்டும் மேசைமேல் வைத்தார்.

"மஞ்சள் பூசின வரியெல்லாம் நான் எழுதினது. அவ எழுதினது இதுல சிவப்புக்குக் கீழே இருக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குழுத்தலைவர் பக்கங்களைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார்.

"இப்படிச் சொன்னா உங்க நெறியாளர் தகுதி போயிடும். தெரியும்லா சார்?"

"தெரியும்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லை."

"நீங்க சொல்லுங்கம்மா. இந்த ஆய்வு என்ன ஆய்வு? உங்க வார்த்தையில சொல்லுங்க."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாசிலாமணி திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு பழைய குழாய்விளக்கு. அதைப் பார்த்தார்.

முப்பிடாதி பேச ஆரம்பித்தாள். கிட்டங்கியைச் சொன்னாள். பீடித்தட்டுக்கு முன்னால் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்து இலை வெட்டுகிற பிள்ளைகளைச் சொன்னாள். ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்று சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"அந்தப் பிள்ளைங்களுக்கு அங்க கிடைக்கிறது... அது வந்து சார்... அதுக்கு..."

சொல் கிடைக்கவில்லை. மாசிலாமணிக்குத் தெரியும் அந்தச் சொல். பொருத்தமான சொல். அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. குழுத்தலைவர் அவரைப் பார்த்தார், எடுத்துக் கொடுங்களேன் என்பதுபோல.

மாசிலாமணி இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்தார்.

குழாய்விளக்கு மினுங்கியது. எங்கோ மேகம் இடித்தது.

"யாரும் கூப்பிடாத நேரம் சார்" என்றாள் முப்பிடாதி. "அதுதான் அங்க கிடைக்கு."

அது மாசிலாமணி நினைத்த சொல் இல்லை.

குழு முடிவு சொன்னது. மாசிலாமணிக்கு மூன்று வருடம் நெறியாளர் தகுதி கிடையாது. முப்பிடாதியின் பதிவு நிற்கும். ஒரு வருடத்தில் அவளே ஆய்வேட்டைத் திரும்ப எழுத வேண்டும். புது நெறியாளராக மைதீன் பாத்து.

ஐப்பசி வந்தது. மேகம் நிறம் மாறி மழையாகவே இறங்கியது. மாசிலாமணி வகுப்புக்குப் போனார், வந்தார். அவர் அறைக்கு ஆய்வு மாணவர்கள் யாரும் வரவில்லை. தாழ்வாரத்தில் முப்பிடாதி எதிர்ப்பட்டால் "வணக்கம் சார்" என்பாள். "நல்லா இருக்கியாம்மா" என்பார். எவ்வளவு எழுதியிருக்கிறாய் என்று கேட்க வாய் வரும். கேட்கமாட்டார்.

ஒரு சாயங்காலம் பாத்துவின் அறைக்குப் போனார். பாத்து விசில்களைத் துடைத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் புதிதாக அச்செடுத்த தாள்கள். மேலே முப்பிடாதியின் பெயர்.

"முதல் இயலா டீச்சர்?"

"ஆமா சார். காலையில கொடுத்துட்டுப் போனா."

"பார்க்கலாமா?"

"எடுத்துப் படிங்க. யாரும் பார்க்கலாம்னுதான் சொன்னா."

மாசிலாமணி நின்றபடியே படித்தார். வெளியே மழை சீராகப் பெய்தது. பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். முதல் வரியிலேயே நின்றார்.

எங்கள் தெருப் பிள்ளைகள் சாயங்காலத்தைத் தின்பார்கள்.

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சிவப்புப் பேனா அங்கேதான் இருந்தது. இத்தனை மாதமும் அதை எடுத்து வைக்க மறந்திருந்தார்.

"டீச்சர், நல்லா எழுதியிருக்கா. ரொம்ப நல்லா வந்திருக்கு. இந்த முதல் வரி மட்டும்... சாயங்காலத்தை எப்படி டீச்சர் தின்ன முடியும்? வெளியூர்த் தேர்வாளர் கேட்பார். ஒரே ஒரு சொல்லை மட்டும் மாத்தினா..."

பாத்து கையிலிருந்த விசிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தது. சேலைத் தலைப்பால் அதை ஒற்றி எடுத்தார்.

"கோ கேட்டுச்சா சார்?"